சாய்ந்த கட்டடமும் உள்ளங்கை அளவு திருத்தமும்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சமிருக்கும் பல்லெல்லாம் இன்றைக்கே கொட்டிப் போகட்டும். எத்தனை பல் மிச்சம் என்று கேட்கக் கூடாது. சத்தியம் என்றால் சத்தியம்தான்.

அந்தப் பத்திரிகையில் நிருபராக இருந்தவருக்கு அலுவலகம் வைத்த பெயர் ரெண்டுவாய். இரண்டு பேர் வாயால் கேட்காமல் அவர் எதையும் எழுத மாட்டார். சொட்டச் சொட்ட நனைந்து வந்த ஒருவர் வெளியே மழை என்று சொன்னால், நனைந்த இன்னொருவர் வரும்வரை பேனாவின் மூடியைக் கழற்ற மாட்டார். ஜன்னலைத் திறந்து பார்த்தால் ஆயிற்றே என்பார்கள். "நான் பாத்தா அது என் கண்ணு. வாசகருக்கு என் கண்ணைப் பத்தி என்ன தெரியும்?" என்பார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இறந்தபோது டாக்டர் வெளியே வந்து தோளைத் தொட்டுச் சொன்னார். ரெண்டுவாய் தலையை ஆட்டிவிட்டு நடையில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். நெடுநேரம் கழித்து வந்த நர்சும் அதையே சொன்ன பிறகுதான் அழுதார். அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சொல்பவர்களில் யாரும் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் இவர் ஒரு வாய்தான். இன்னொரு வாய் இல்லாததால் அந்த வீட்டில் எதுவும் உறுதியாவதில்லை. பால் திரிந்ததா திரியவில்லையா என்பதுகூட முடிவாகாமல் அடுப்படியில் அப்படியே நிற்கும்.

சொந்தம் என்று மிச்சமிருந்தது ஒரு தங்கை. அவளும் அவள் கணவரும் ஊர் மேற்கில் புதிதாகக் கட்டிய மாடிக் குடியிருப்பில், உச்சி மாடியில் இருந்தார்கள். அரசாங்கம் கட்டச் சொன்னது. கட்டியது பத்திரிகை முதலாளியின் இன்னொரு கம்பெனி. திறந்து வைத்தது அமைச்சர். முதலாளியும் அமைச்சரும் ஒரே கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு நாடா வெட்டும் படம் முதல் பக்கத்தில் வந்திருந்தது. கட்டடத்தைவிடப் படம் பெரிதோ என்று சிலருக்குச் சந்தேகம்.

மாப்பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. எழுத்துகளைப் பெரிதும் சிறிதுமாக எழுதி மாட்டி, வருகிறவர்களைப் படிக்கச் சொல்லும் தொழில். கிட்டப் பார்வைக்கு மட்டும் தனி அட்டை வைத்துக்கொள்வதில்லை. அன்றைய பேப்பரை எடுத்து, அதில் எங்கே எழுத்து ஆகப் பொடியாக இருக்கிறதோ அந்த இடத்தை மடித்து, "இதைப் படிங்க" என்று கையில் கொடுத்துவிடுவார். அட்டையென்றால் மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஏமாற்றுகிறார்களாம். இப்படியே பழகி, அச்சில் இல்லாத எதையும் நம்பாத மனிதர் ஆகிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போன ரெண்டுவாய், சட்டைப் பையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தார். பேனா உருண்டது. கீழே விழுந்தது. தரையில் விழுந்த பிறகும் நிற்காமல், யாரோ கூப்பிட்ட மாதிரி மேற்குச் சுவரை நோக்கிப் போயிற்று.

தங்கை தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அங்கதான் போகும் அண்ணா. இந்த வீட்ல எது காணாமப் போனாலும் அந்தச் சுவத்துக்கிட்டதான் தேடணும்."

தம்ளரில் தேநீரும் ஒரு பக்கமாக ஏறி நின்றது. கட்டடம் முழுக்க அப்படித்தான். சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு ஓரமாகப் படுத்த புருஷன் பெண்சாதிகள், விடிந்து பார்த்தால் மேற்குச் சுவரோரம் ஒருவர்மேல் ஒருவர் கிடந்தார்கள். அந்தக் குடியிருப்பில் விவாகரத்தே கிடையாது என்பதை அமைச்சர் ஒரு கூட்டத்தில் தன் சாதனையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார்.

"மாப்ளே, வீடு சாயுது" என்றார் ரெண்டுவாய்.

"யார் சொன்னா?"

"பேனா உருளுது."

"பேனா உருண்டையா இருக்கு மச்சான். உருளாம என்ன, குதிக்குமா?"

"மழை வந்தா மண்ணு இளகும். இளகினா இது நிக்காது. வேற வீடு பாருங்க."

மாப்பிள்ளை எழுந்துபோய்ப் பழைய பேப்பர் ஒன்றைக் கொண்டு வந்தார். "பாருங்க. மலை போல நிக்குதுன்னு போட்டிருக்கு. யார் பேப்பர் இது?"

"எங்க பேப்பர்தான்."

"நீங்க வேலை பாக்கற பேப்பர் நிக்குதுங்குது, நீங்க சாயுதுங்கறீங்க. ரெண்டு பேரும் உள்ள பேசி ஒரு முடிவுக்கு வாங்க. பேப்பர்ல வரட்டும், அன்னைக்கே பெட்டியைக் கட்டறேன்."

படிக்கட்டு வரை வந்த தங்கை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவர் யார் சொன்னாலும் கேக்க மாட்டார் அண்ணா. பேப்பர்ல வந்தா கேப்பார். எழுதிடு."

"நீ மட்டுமாவது வந்து என்கூட இரேன்."

"அவரை அந்தச் சுவத்துக்கிட்ட விட்டுட்டா? நல்லா இருக்கே. எழுதிடு. மழைக்கு முன்னாடி எழுதிடு."

ரெண்டுவாய் முதலில் பிடித்தது அந்தக் கட்டடத்தில் கொத்து வேலை பார்த்த கொத்தனாரை. கொத்தனார் மறைக்கவில்லை. "அஸ்திவாரம் பாறை தட்டற வரைக்கும் தோண்டணும் சார். தோண்டத் தோண்ட செலவு. ஒரு நாள் மேஸ்திரி தலையில மழைத் துளி தட்டிச்சு. தட்டிருச்சு, மூடுன்னுட்டார். கீழ இருக்கறது களிமண்ணுதான். என் பேரைத் தாராளமாப் போட்டுக்கங்க. எனக்கு வேலைதான் போயிருச்சு, பேராவது அச்சுல ஏறட்டும்."

இது ஒரு வாய். இன்னொரு வாய்க்காகக் கம்பெனி இன்ஜினியர் வீட்டுக்குப் போனார். கதவுக்குப் பின்னாலிருந்து, "நான் வீட்ல இல்லை" என்று இன்ஜினியரின் குரல் வந்தது. ரெண்டுவாய் விடவில்லை, பக்கத்து வீட்டிலும் கேட்டு அதை உறுதி செய்துகொண்டுதான் திரும்பினார்.

பத்திரிகை ஆசிரியர் கெட்டவர் இல்லை. முதுகெலும்பு உள்ளவர்தான். தேய்ந்துவிடுமே என்று அதை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்கு வருவார்.

"எழுதாதேன்னு நான் சொல்லலையே" என்றார். "இப்ப எழுதாதேன்னுதான் சொல்றேன்."

"எப்ப எழுதலாம் சார்?"

"விழுந்ததுக்கப்புறம். விழுந்தா அது செய்தி. அதுவரைக்கும் அது வெறும் பயமுறுத்தல்."

"விழுந்தப்புறம் படிக்கறதுக்கு அங்க ஆள் இருக்காதே."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும்போது எதிரே இருப்பவரின் முகம் தெரியாது; அதற்காகவே அடிக்கடி துடைப்பார்.

விஷயம் மேலே போயிற்று. முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலியைக் காட்டினார், தேநீர் வரவழைத்தார். கோபப்படும் முதலாளியைச் சமாளித்துவிடலாம். தேநீர் கொடுக்கும் முதலாளியிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

"கட்டடம் சாயுதுன்னு சொல்லிட்டுத் திரியறீங்களாமே?"

"இல்லைங்க. ஒரு வாய்தான் சொல்லியிருக்கு. ரெண்டாவது வாய் இன்னும் அகப்படலை. அதனால நான் இன்னும் சொல்லலை."

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. "அட, சாயத்தான் செய்யுது. எனக்குத் தெரியாதா? பெத்தவனுக்குத் தெரியாதா புள்ளை எப்படி நடக்குதுன்னு? தேர்தல் முடியட்டும், மழையும் முடியட்டும். முட்டுக் கொடுத்து நிறுத்திடலாம். அதுக்குள்ள நீங்க ஏன் அவசரப்படறீங்க?"

ரெண்டுவாய் தம்ளரைத் தட்டில் வைத்துவிட்டார். இவ்வளவு பெரிய வாய் அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை. ஆனால் தனி அறையில் தேநீருக்கு நடுவே சொன்னதைச் சொன்னவருக்குத் தெரியாமல் அச்சேற்றினால் அது திருட்டு. அதனால் கேட்டுவிட்டார்.

"இப்ப சொன்னதை நீங்க சொன்னதாவே போடலாமா?"

"எங்க போடுவீங்க?" முதலாளி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "பேப்பர் என்னோடது. மை என்னோடது. போடுங்க, பாக்கலாம்."

"போடுங்கன்னு சொல்றீங்க."

"போடுங்கய்யா."

மறுநாள் ரெண்டுவாயைத் திருத்தப் பகுதிக்கு மாற்றினார்கள்.

திருத்தப் பகுதி என்பது ஒரு அறை. மாடிப்படிக்கு அடியில், கால் உடைந்த நாற்காலிகளுக்கும் காலாவதியான காலண்டர்களுக்கும் நடுவில் ஒரு மேசை. மேலே யாராவது படியேறினால் தலைக்குமேல் தடதடவென்று கேட்கும். யார் என்று தெரியாது. பேப்பரின் உள்பக்கத்தில், வானிலைக்கும் காணவில்லை விளம்பரங்களுக்கும் இடையில் வரும் உள்ளங்கை அளவு கட்டம் ஒன்றுதான் அந்த அறையின் விளைச்சல். நேற்று தவறாக வந்ததற்கு இன்று வருந்துகிறோம் என்று சொல்லும் கட்டம். வெட்கப்பட்டுச் சொல்வதால் பேப்பரிலேயே ஆகப் பொடி எழுத்து அதற்குத்தான்.

தேநீர்க்காரர் மாடிப்படி வரை வந்து அப்படியே மேலே ஏறிவிடுவார். கூட வேலை பார்த்தவர்கள் எதிரே வந்தால், எதையோ மறந்துவிட்டதுபோல் நெற்றியைத் தட்டிக்கொண்டு வந்த வழியே திரும்புவார்கள். மொத்த அலுவலகத்துக்கும் மறதி நோய் வந்துவிட்டதோ என்று தோன்றும். மேசைமேல் ஒரு டெலிபோன் இருந்தது. அதற்கு இணைப்பு இல்லை. ஆனாலும் ரெண்டுவாய் அதை அவ்வப்போது எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார். வைத்துவிட்டுத் துணியால் துடைத்து வைப்பார். சில நாள் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, இன்றைக்கு நாம் வேலைக்கு வந்தோமா என்றே சந்தேகம் வரும். வந்தார் என்று சொல்ல அவரைத் தவிர வேறு வாய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போவார். முதல் தடவை, "எழுதிட்டியா அண்ணா?" என்றாள். அடுத்த தடவையும் கேட்டாள். அதற்கடுத்த தடவை கேட்காமல் தேநீரை மட்டும் வைத்தாள். தம்ளரில் தேநீர் இன்னும் கொஞ்சம் ஏறி நின்றது. அதற்கப்புறம் அவர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து, தூரத்தில் மேகம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேகம்தானா என்று கேட்டுக்கொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை.

திருத்த அறைக்கு ஒரு விதி உண்டு. பேப்பரில் வராத எதையும் அங்கே எழுத முடியாது; வந்ததைத் திருத்தலாம், அவ்வளவுதான். வேலை பார்க்கிறவன் எழுதிக் கையெழுத்துப் போட்டால் கட்டம் நேராகப் பக்கம் கட்டுகிறவரிடம் போகும். ஆசிரியர் அதைப் பார்ப்பதில்லை. தவறைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. பக்கம் கட்டுகிறவரோ எதையும் படிக்காமல் கட்டுவதற்கே பெயர் போனவர். படித்திருந்தால் இத்தனை காலம் அந்த வேலையில் மனிதன் தாங்குவானா?

ஒரு நாள் பின்மத்தியானம், வெளியே வெளிச்சம் திடீரென்று இறங்கி, மாடிப்படிக்கடியில் ஈர மண் வாசனை வந்தது. அப்போதுதான் ரெண்டுவாய்க்கு ஒன்று உறைத்தது. கட்டடத்தைப் பற்றிப் பேப்பர் வாயே திறக்காமல் இருந்திருந்தால் அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் பேப்பர் பெருமை பேசியிருக்கிறது. மலை போல நிற்கிறது என்று முதல் பக்கத்தில் அச்சடித்திருக்கிறது. அடித்ததைத் திருத்தலாம். அது அவருடைய வேலை. மாதச் சம்பளமே அதற்குத்தான்.

பேனாவைத் திறந்தார். எழுதினார்:

"மேற்கு மாடிக் குடியிருப்பு மலை போல உறுதியாக நிற்கிறது என்று முன்பு வெளியிட்டது தவறு. அதன் அஸ்திவாரம் பாறையைத் தொடவில்லை என்று அங்கு வேலை செய்த கொத்தனாரும், கட்டடம் மேற்கே சாய்ந்து வருகிறது என்று கட்டிய கம்பெனியின் உரிமையாளரும் தெரிவித்துள்ளனர். மழைக்கு முன் குடியிருப்போர் வெளியேறுவது நல்லது. தவறுக்கு வருந்துகிறோம்."

படித்துப் பார்த்தார். உரத்து இன்னொரு தடவை படித்தார். தன் குரலையே வேறொருவர் குரல்போலக் கேட்டு, சரிதான் என்று தலையாட்டிக்கொண்டு, கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை மாப்பிள்ளையின் கடைக்கு முதலில் வந்தவர் ஒரு தையல்காரர். மாப்பிள்ளை பேப்பரைப் பிரித்து, ஆகப் பொடி எழுத்து எங்கே என்று தேடி, உள்பக்கத்தை மடித்து நீட்டினார். மாப்பிள்ளை அதைப் படித்துப் பார்க்கவில்லை; அவருக்கே கிட்டப் பார்வை சரியில்லை என்பது கடை ரகசியம்.

தையல்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "மேற்கு மாடிக் குடியிருப்பு... நிற்கிறது என்று... வெளியிட்டது தவறு... கட்டடம் மேற்கே சாய்ந்து வருகிறது..."

"லென்ஸ் சரியில்லை" என்றார் மாப்பிள்ளை. மாற்றிப் போட்டார். தையல்காரர் மறுபடியும் அதையேதான் படித்தார், இந்தத் தடவை இன்னும் தெளிவாக.

"உங்க கண்ணுல கோளாறு. கண் டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். அடுத்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியை உட்கார்ந்தார். அவர் கையிலும் அதே பக்கம், அதே மடிப்பு. ஆசிரியை ஒரு தட்டுத் தடங்கல் இல்லாமல், பாடம் நடத்துவதுபோல, வருந்துகிறோம் வரைக்கும் படித்து முடித்தார்.

மாப்பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வாய்" என்றார்.

"என்னது?" என்றார் ஆசிரியை.

"ஒண்ணுமில்லைம்மா. உங்க கண்ணு நல்லா இருக்கு. கண்ணாடி வேண்டாம்."

கடையைப் பூட்டாமலே ஓடினார். மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டினார். நம்பாதவர்கள் கையில் பேப்பரைக் கொடுத்து, மூக்கில் கண்ணாடியை மாட்டி, படிக்க வைத்தார். மத்தியானத்துக்குள் கட்டடம் காலி. பாயும் பாத்திரமும் அலமாரியும், சண்டை போட முடியாமல் ஒற்றுமையாக இருந்த புருஷன் பெண்சாதிகளும் எதிர்ச் சாரியில் போய் நின்றார்கள். தங்கை கடைசியாக இறங்கினாள். அவள் தெருவில் கால் வைத்ததும், இவ்வளவு நேரம் மரியாதைக்காகத் தாங்கி நின்றதுபோல, கட்டடம் மேற்குப் பக்கமாக மெல்ல ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. அப்புறம்தான் மழை வந்தது. ஒரு சிராய்ப்புக்கூட யாருக்கும் இல்லை. காணாமல் போன சாமான்களெல்லாம் இடிபாட்டில் ஒரே குவியலாகக் கிடந்தன. குவியலின் உச்சியில், அந்த ஞாயிற்றுக்கிழமை மேற்குச் சுவரை நோக்கி உருண்டுபோன ரெண்டுவாயின் பேனா.

அதற்குப் பிறகு மாடிப்படிக்கடியில் கூட்டம் தாங்கவில்லை. கத்தரிக்கோலின் ஒரு பிடி தன்னுடையது இல்லை என்று திருத்தம் கேட்டு அமைச்சர் ஆள் அனுப்பினார். அண்ணன் இறந்த செய்தியில் 'அனைவராலும் நேசிக்கப்பட்டவர்' என்று வந்ததைத் திருத்தச் சொல்லித் தம்பி வந்து நின்றார். கட்டம் வளர்ந்து அரைப் பக்கமாயிற்று, பக்கமாயிற்று. கடைசியில் செய்திக்கு உள்ளங்கை அளவு இடம் விட்டுப் பேப்பர் முழுக்கத் திருத்தமே வந்தது. விற்பனை ஏறியதால் முதலாளியால் வாயைத் திறக்க முடியவில்லை. தேநீர்க்காரர் படியேறாமல் நேரே உள்ளே வந்தார். டெலிபோன், இணைப்பு இல்லாமலே மணியடித்தது.

ஒரு நாள் ஆசிரியர் வாசலில் வந்து நின்றார். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"விழுந்ததுக்கப்புறம்னு சொன்னேனே அன்னைக்கு. அதையும் திருத்திடுப்பா."

"அது பேப்பர்ல வரலையே சார். வராததைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை" என்றார் ரெண்டுவாய். பிறகு மனம் கேட்காமல், கால் உடைந்த நாற்காலிகளில் கொஞ்சம் தேறியது ஒன்றை இழுத்துப் போட்டார். இருவரும் தேநீர் குடித்தார்கள்.

தங்கையும் மாப்பிள்ளையும் அண்ணன் வீட்டுக்கே குடிவந்துவிட்டார்கள். முதல் நாள் காலை ரெண்டுவாய் பேனாவை மேசைமேல் வைத்தார். வைத்த இடத்திலேயே கிடந்தது. தங்கை அடுப்படியிலிருந்து பால் பாத்திரத்தோடு வந்தாள்.

"திரிஞ்சு போச்சு அண்ணா."

மாப்பிள்ளையும் முகர்ந்து பார்த்தார். "திரிஞ்சுதான் போச்சு மச்சான்."

மனைவி போன பிறகு முதல் தடவையாக, அந்த வீட்டில் ஒரு விஷயம் உறுதியாயிற்று.

அந்தப் பத்திரிகை தொடங்கிய நாள் முதல் இன்றுவரை ஒரு திருத்தம்கூட வெளியிட்டதில்லை. என் பல்லைப் பற்றி மட்டும் இப்போதும் கேட்கக் கூடாது.